கூடையில யாரு?

பள்ளத்தாக்குக்கு இந்தப் பக்கம் ஆசிரமமும் அதன் பள்ளிக்கூடமும் ஒரு சின்ன ஊரும் இருந்தன. அந்தப் பக்கம் தார்ச்சாலை, பஸ், ஆஸ்பத்திரி, அரசாங்கம் எல்லாம் இருந்தன. நடுவில் ஓர் இரும்புக் கயிறும் அதில் தொங்கும் கூடையும்தான் வழி.

கூடை என்று ஊரார் சொல்வது, இரண்டு பேர் நிற்கக்கூடிய ஒரு கம்பிக் கூண்டை. அதை இழுப்பது, கையால் சுற்றிக் கயிற்றை இழுக்கும் விஞ்சு என்ற இயந்திரம். விஞ்சு பாறைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகைக்குள் இருந்தது. சாரல் அடித்து இரும்பு துருப்பிடிக்கிறது என்று கொட்டகையின் மூன்று பக்கமும் அடைத்துவிட்டார்கள். அதனால் சுற்றுகிறவருக்குக் கூடை தெரியாது. கூடையில் ஏறியவர் மணிக்கயிற்றை இழுப்பார். கொட்டகையில் மணி அடிக்கும். சுற்றுகிறவர் சுற்றுவார்.

போன மழைக்காலத்தில் ஒரு பெண் அந்தப் பள்ளத்தில் விழுந்து இறந்துபோனாள். ஒரு கால் கூடையிலும் ஒரு கால் பாறையிலுமாக அவள் நின்றபோது தலைச்சுமை மணிக்கயிற்றில் பட்டுவிட்டது. மணி அடித்தது. கூடை நகர்ந்தது. விசாரிக்க வந்தவர்கள் விஞ்சைக் கழற்றிப் பார்த்தார்கள். இயந்திரத்தில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். ஊரார் தங்கள் பங்குக்கு மணிக்கயிற்றைக் கொஞ்சம் உயரத் தூக்கிக் கட்டினார்கள். பயம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

அந்தப் பயம் அதிகம் இருந்தது தணிகாசலத்துக்கு.

கல்வித் துறையில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்று, அறுபது வயதுக்கு மேல் சீடராக வந்து சேர்ந்தவர் அவர். குரு தவமணி அம்மா அவரைவிட வயதில் மிகவும் இளையவர். ஆசிரமத்தில் மற்றவர்கள் அவரை ஐயா என்றார்கள். அம்மா மட்டும் "சார்" என்பார். அதில் மரியாதை எவ்வளவு, கேலி எவ்வளவு என்று தணிகாசலத்துக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

விபத்துக்குப் பிறகு தணிகாசலம் அந்தப் பக்கம் போகவே இல்லை. முதலில் மூட்டுவலி என்றார். பிறகு மௌன விரதம் என்றார். விரதத்தில் இருப்பவர் அதை எல்லோரிடமும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்ததுதான் வேடிக்கை. காரணம் எல்லோருக்கும் தெரியும். பாவம் என்று விட்டுவிட்டார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் துறையிலிருந்து அவருக்கு ஒரு பணி வந்தது. எட்டாம் வகுப்பு முடிக்கும் ஒரு பிள்ளைக்கு இயந்திரங்களைப் பற்றி என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்? மலைப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாகத் தொழில்நுட்பக் கல்விக்கான தரநிலைகளை அவர்தான் வகுத்துத் தர வேண்டும்.

அவர் மகிழ்ந்துபோனார். உட்கார்ந்த இடத்தில் செய்யக்கூடிய வேலை. முதல் வரியை இப்படி எழுதினார்:

"மாணவர் தம் ஊரில் உள்ள இயந்திரங்களை அச்சமின்றி இயக்குவார்."

ஊருக்கு உபதேசம் எழுதுகிற கை நடுங்கக்கூடாது என்று சட்டமா இருக்கிறது?

அதற்குக் கீழே மற்றவை வந்தன. பாகங்களின் பெயர்கள், அவை வேலை செய்யும் விதம், எண்ணெய் போடும் முறை, பழுது பார்த்தல். நன்றாகவே எழுதியிருந்தார். அதைக் குறை சொல்ல முடியாது.

எழுதியதைப் பள்ளிக்கூடத்து எட்டாம் வகுப்பில் சோதித்தும் பார்த்தார். அந்த ஊரில் எட்டாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகள், பெரியவர் ஒருவர் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்க, முறை வைத்து விஞ்சு சுற்றுவது வழக்கம். அதையே பரீட்சையாக வைத்தார். கூடை காலி. பாறையில் நிற்கும் பிள்ளை ஒன்று கயிற்றை இழுத்து மணி அடித்ததும் சுற்ற வேண்டும்.

காளிராஜ் என்ற பையன் பாகங்களைக் கடகடவென்று ஒப்பித்தான். மணிச் சத்தம் அடங்குவதற்குள் சுற்ற ஆரம்பித்துவிட்டான். தணிகாசலம் அவன் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

அடுத்து வந்த பவளக்கொடிக்கும் பாகங்கள் தெரிந்திருந்தன. ஆனால் மணி அடித்ததும் அவள் கைப்பிடியைத் தொடவில்லை.

"கூடையில யாரு?" என்று கேட்டாள்.

"யாருமில்லம்மா. சுத்து."

"நான் பாக்கலையே ஐயா."

"நான்தான் சொல்றேனே."

அவள் வெளியே ஓடிப் போய்ப் பாறையைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். அதற்குள் அவர் அவள் பெயருக்கு நேரே எழுதி முடித்திருந்தார். அச்சம் நீங்கவில்லை. தகுதி பெறவில்லை.

மறுநாள் மதியம் நகரத்தில் தரநிலைகளை ஏற்கும் துறைக் குழு கூடுவதாக இருந்தது. நேரில் வந்து விளக்கினால்தான் ஏற்பார்கள். இந்த முறை மூட்டுவலியும் விரதமும் செல்லாது.

காலையில் தணிகாசலம் பாறைமேட்டுக்கு வந்தார். தோளில் பை, பைக்குள் தரநிலைகள். அம்மா ஏற்கெனவே அங்கே நின்றிருந்தார். பள்ளம் முழுக்கப் பனி நிரம்பி, அடி தெரியவில்லை. எங்கோ கீழே தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. அடி தெரியாமல் இருந்தது தணிகாசலத்துக்கு ஆறுதலாக இல்லை. இன்னும் மோசமாக இருந்தது.

"அம்மா, போறதுக்கு முன்னாடி ஒரு சந்தேகம்."

"கேளுங்க சார்."

"பாகங்களைச் சொல்லிக் கொடுத்துடலாம். இயக்கவும் பழக்கிடலாம். பிள்ளைங்க மனசுல இருக்கிற பயத்தை எப்படி எடுக்கிறது? அதுக்குத்தான் எனக்கு வழி தெரியலை."

"முதல் வரியைப் படிங்க."

அவர் பார்க்காமலே சொன்னார். "அச்சமின்றி இயக்குவார்."

"நல்லா இருக்கு. நீங்க இயக்கக்கூட வேண்டாம். ஏறினா போதும்."

தணிகாசலம் கூடையைப் பார்த்தார். அது லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

"காத்து கொஞ்சம் கூடுதலா இருக்கோ?"

"காத்தே இல்லை."

"பனி?"

"விஞ்சுக்குப் பனி தெரியாது சார்."

கரணம் தப்பினால் மரணம் என்று சின்ன வயதில் எத்தனையோ தடவை சொல்லி விளையாடியிருக்கிறார். அப்போது அதற்கு அர்த்தம் தெரியாது. இப்போது தெரிந்தது.

"கொட்டகையில யார் இருக்காங்க?"

"உங்க எட்டாம் வகுப்புதான். பிரேக்குல பெரியவங்க இருக்காங்க."

"எந்தப் பிள்ளை?"

"எந்தப் பிள்ளை இருந்தா உங்களுக்கு நல்லது? பாசான பிள்ளையா, பெயிலான பிள்ளையா?"

தணிகாசலம் தோளில் இருந்த பையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு, "பாசான பிள்ளைதான்," என்றார். அவர் எழுதியதை அவரே நம்பாவிட்டால் வேறு யார் நம்புவார்கள்?

"அப்போ ஏறுங்க."

வலது காலைத் தூக்கிக் கூடைக்குள் வைத்தார். கூடை ஓர் அங்குலம் விலகியது. அந்த ஓர் அங்குலத்துக்குள் பள்ளம் முழுவதும் இருப்பதுபோல் தோன்றியது. உடம்பு முன்னால் சாய்ந்தது. எதையாவது பிடித்தாக வேண்டும். கையை மேலே வீசினார். ஏதோ கிடைத்தது. உயிரைக் கொடுத்து அதைப் பற்றினார்.

கொட்டகையில் மணி அடித்தது.

அவர் பிடித்திருந்தது மணிக்கயிறு.

ஒரு கால் கூடையில், ஒரு கால் பாறையில். அடுத்து என்ன நடக்கும் என்று அந்த மலையில் அவருக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது. மணிச் சத்தம் அடங்குவதற்குள் சுற்ற வேண்டும். அப்படிச் சுற்றினவனைத்தான் அவர் தட்டிக் கொடுத்திருந்தார். கத்த நினைத்தார். குரல் வரவில்லை. காலை எடுக்க நினைத்தார். எந்தக் காலை எடுப்பது என்று தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

கூடை நகரவில்லை.

"கூடையில யாரு?"

கொட்டகைக்குள்ளிருந்து ஒரு சிறுமியின் குரல் வந்தது.

தணிகாசலம் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

"கூடையில யாரு? ரெண்டு காலும் உள்ளே வெச்சாச்சா?"

ஒரு கை அவரைப் பின்னுக்கு இழுத்தது. பாறையில் பொத்தென்று உட்கார்ந்தார். அப்போதுதான் பார்த்தார். அவருடைய பெல்ட்டை அம்மா இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்திருந்தார். எப்போது பிடித்தார் என்று தெரியவில்லை. விரல்கள் வெளுத்திருந்தன.

பேயறைந்தவர் போல உட்கார்ந்திருந்தார் தணிகாசலம்.

"பவளக்கொடியா அது?"

"ஆமா."

"நீங்கதான் அவளை அங்கே நிறுத்தினீங்களா அம்மா?"

"நான் யாரையும் நிறுத்தலை. இன்னைக்கு முறை காளிராஜோடது."

தணிகாசலம் கூடையை விட்டு இன்னும் கொஞ்சம் பின்னுக்கு நகர்ந்தார்.

"நேத்து நீங்க பெயில் போட்டதும் அழுதிருக்கா," என்றார் அம்மா. "எனக்குப் பயமில்லைன்னு ஐயாகிட்டக் காட்டணும், இன்னைக்கு ஒரு நாள் உன் முறையைக் குடுன்னு அவன்கிட்டக் கேட்டு வாங்கியிருக்கா. இங்கே வந்தப்புறம்தான் எனக்கே தெரிஞ்சது."

"பயமில்லைன்னு காட்ட வந்தவ எதுக்கு மறுபடியும் அதையே கேட்டா?"

"கேக்காம அவளால சுத்த முடியாது சார்."

"ஏன்?"

அம்மா பள்ளத்தைப் பார்த்தார்.

"அன்னைக்கு, அந்தப் பொம்பளை விழுந்த அன்னைக்கு, விஞ்சு சுத்தினது யாருன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"ஊர்க்காரர் ஒருத்தர்னு சொன்னாங்க. அதுக்கப்புறம் வீட்டை விட்டு வெளியே வர்றதில்லைன்னும் சொன்னாங்க."

"அவ அப்பா."

கீழே தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"நல்ல கைகாரர்," என்றார் அம்மா. "ஒவ்வொரு பாகத்துக்கும் பேர் தெரியும். எண்ணெய் அவர்தான் போடுவார். பழுதும் அவர்தான் பாப்பார். ராத்திரி இருட்டுல எழுப்பி விட்டாலும் பயமில்லாம சுத்துவார். அன்னைக்கும் மணி அடிச்சது, உடனே சுத்தினார். பதினெட்டு வருஷமா அப்படித்தான் சுத்தினார்."

தணிகாசலம் மெதுவாகப் பையைத் திறந்து காகிதங்களை எடுத்தார். அச்சமின்றி. பாகங்களின் பெயர்கள். வேலை செய்யும் விதம். எண்ணெய். பழுது. விரல் ஒவ்வொரு வரியாக இறங்கி வந்து, கடைசி வரியில் நின்றது.

"நானும் அந்தப் பட்டியலைப் பாத்தேன் சார்," என்றார் அம்மா. "அவர் எல்லாத்துலயும் பாஸ்."

தணிகாசலத்துக்கு அழுகை வந்தது. அதை மறைக்க அவர் முயலவில்லை. செத்துப்போயிருப்போமே என்ற பயத்தில் கொஞ்சம் அழுதார். முகம்கூடப் பார்த்திராத அந்த மனிதனுக்காகக் கொஞ்சம் அழுதார். அந்தக் குழந்தையின் பெயருக்கு நேரே தன் கை எழுதியதை நினைத்தபோதுதான் தாங்க முடியவில்லை.

"கூடையில யாரு?" குரல் மறுபடி வந்தது. இந்தத் தடவை கொஞ்சம் நடுங்கியது. "யாராவது சொல்லுங்க! சொல்லாம நான் சுத்தமாட்டேன்!"

அவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"அம்மா, உங்களுக்கு இந்தக் கூடையில பயமே இல்லையா?"

"உங்க பெல்ட்டை எதுக்குப் பிடிச்சேன்னு நினைக்கிறீங்க?"

தணிகாசலம் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். கை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. முதல் வரியில் "அச்சமின்றி" என்ற சொல்லை அடித்தார். அடித்த இடத்துக்கு மேலே பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தார். இத்தனை வருடப் பணியில் எத்தனையோ பாடத்திட்டங்களை எழுதியவர். ஒரு சொல்லும் வரவில்லை.

"மதியம் குழுவுல கேப்பாங்க. இந்த இடத்துல நான் என்ன எழுதட்டும் அம்மா?"

அம்மா கொட்டகைப் பக்கம் திரும்பினார்.

"அது இருக்கட்டும் சார். முதல்ல அந்தப் பிள்ளைக்குப் பதில் சொல்லுங்க. எவ்வளவு நேரமா கேட்டுக்கிட்டே நிக்குது."