மூன்று முறை கூப்பிட்டவன்

ஆற்றில் வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடிய காலமய்யா அது. வச்சிரபாலன் என்று ஒரு ராஜா. அவருடைய பட்டணத்துக்கு வெளியே ஒரு சுடுகாடு. அங்கே பிணம் எரிப்பவன் பூதன்.

அவன் நிழல் பட்டால்கூட ஊரார் குளித்தார்கள். செத்தால் மட்டும் அவன் வேண்டும், பாருங்கள்!

பூதனுக்கு ஒரு வழக்கம் உண்டு. முகத்தின்மேல் கடைசி வறட்டியை வைக்குமுன், செத்தவர் காதில் பெயர் சொல்லி மூன்று முறை கூப்பிடுவான். பதில் இல்லையென்றால்தான் வறட்டி. ஒரு தரம், பாம்பு கடித்த குயவர் வீட்டு நாச்சி மூன்றாம் கூப்பாட்டுக்குக் கண் விழித்தாள். பிழைத்தவள் அதற்குப் பிறகும் அவனைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். போகட்டும். "உயிரோடு யாரையும் நான் எரித்ததில்லை" என்று நினைத்துக்கொண்டால் அவனுக்கு நிம்மதியாகத் தூக்கம் வரும். அவனுக்கு இருந்த ஒரே சொத்து அந்த நிம்மதிதான்.

ஒருநாள் காலை, சாப்பிட்டுக்கொண்டிருந்த ராஜா அப்படியே சாய்ந்தார். வைத்தியர் நாடி பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பொழுது சாய்வதற்குள் இளவரசருக்கு முடிசூட்ட வேண்டும் என்று மந்திரிக்கு ஒரே அவசரம். உச்சி வெயிலில் சுடுகாட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

பூதன் காதருகே குனிந்தான்.

"அடேய்! மகாராஜா பெயரை உன் வாயால் சொல்வாயா? நாக்கை அறுத்துவிடுவேன். வறட்டியை வை!" என்றார் மந்திரி.

பூதன் வாயைத் திறந்தான். மந்திரியின் கை வாளுக்குப் போனது. அவன் வாயை மூடிக்கொண்டான். வறட்டியை வைத்தான். வைக்கும்போது விரல் நுனியில் ஏதோ சூடு பட்டது. வெயிலோ, மூச்சோ, யார் கண்டது? அதற்குள் இளவரசர் கொள்ளி வைத்துவிட்டார்.

சொன்னபடி கேட்டானென்று பூதனுக்குப் பட்டுத் துண்டு போர்த்தினார்கள். ஐயோ பாவம், பிறந்ததிலிருந்து அவனுக்குக் கிடைத்த முதல் மரியாதை அது!

அதற்குப் பிறகும் எத்தனையோ பிணங்கள் வந்தன. ஒவ்வொன்றையும் மூன்று முறை கூப்பிட்டான். முன்பெல்லாம் பதில் வராவிட்டால் மனசு அடங்கும். இப்போது அடங்கவில்லை. தினமும் ராஜாவின் சாம்பலைக் கரைத்த ஆற்றுத் துறைக்குப் போய், "வச்சிரபாலா! வச்சிரபாலா! வச்சிரபாலா!" என்று கத்தினான். தண்ணீர் அதுபாட்டுக்கு ஓடியது. "பைத்தியம்" என்று ஊரார் சிரித்தார்கள். சாகும்வரை அவன் தூங்கவில்லை.

அவன் செத்த அன்று, அவன் காதில் கூப்பிட யாருமில்லை.

கேட்டுக்கொள்ளுங்கள்: ஊரே அருவருக்கும் வேலையிலும் ஒருவனுக்கு நிறைவு தருவது அதைக் குறையில்லாமல் செய்வதுதான், பயத்தில் அதை விட்டுக்கொடுத்தவனுக்கு எந்தப் பட்டும் அந்த நிறைவைத் திருப்பித் தராது.