சேமியாவும் சீசா பலகையும்

திருச்சிக்கு வெளியே நாய்களுக்கு ஓட்டமும் தாண்டலும் பழக்குகிற மைதானம் ஒன்று இருந்தது. அதை நடத்திய தாஜுதீனுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. ஆனாலும் வருகிற எல்லாருக்கும் அவர் மாஸ்டர்தான்.

அவரிடம் கற்றுக்கொள்ள வந்தவர் அமலோற்பவம். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைதான் ஓய்வு பெற்றது, 'சிஸ்டர்' என்ற பெயர் ஓய்வு பெறவில்லை. அவருடைய நாய் சேமியா. வெளுத்து மெலிந்து, பெயருக்கு வஞ்சகம் பண்ணாமல் இருக்கும்.

வளையத்தில் பாய்வதும் குழாய்க்குள் நுழைவதும் சேமியாவுக்கு விளையாட்டு. சீசா பலகைதான் தகராறு. ஒரு முனையில் ஏறி நடுவைத் தாண்டினால் மறுமுனை டமால் என்று தரையில் இறங்கும். சேமியா நடுவரைக்கும் வரும், நிற்கும், பக்கவாட்டில் குதித்து ஓடிவிடும்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், மாஸ்டர் கயிற்றைப் பிடித்தால் அதே நாய் மளமளவென்று கடந்து போகும்.

"ஞாயித்துக்கிழமை போட்டியில இவகூட நான் வேணா ஓடட்டுமா சிஸ்டர்?" என்று மாஸ்டர் கேட்டார்.

அமலோற்பவத்துக்குச் சுருக்கென்றது.

"குப்பைத்தொட்டியில கெடந்தவளைத் தூக்கிட்டு வந்து வளர்த்தேன் மாஸ்டர். என்கூடத்தான் ஓடுவா."

"சரி. இன்னைக்குச் சாயங்காலம் பேர் கொடுத்தாகணும். அதுக்குள்ள கடக்க வைங்க. இல்லேன்னா நான் ஓடுறேன்."

அமலோற்பவம் சேலையை இழுத்துச் செருகினார். பலகையோடு பலகையாகக் குனிந்து, நாயின் காதருகே குழைந்தபடியே நடந்தார். "ஒண்ணுமில்லடி தங்கம், ஒண்ணுமில்ல, ஒண்ணுமே இல்ல..." சேமியா குதித்தது. நிழலில் கொஞ்சம் ஆற விட்டு மறுபடி ஏற்றினார். மறுபடியும் குதித்தது. முழங்கால் விண்விண் என்றது. கொண்டுவந்த சாப்பாடு பிரிக்காமலே கிடந்தது. அவர் விடுவதாயில்லை.

வெயில் இறங்க ஆரம்பித்தபோது அமலோற்பவம் மாஸ்டருக்கு முன்னால் போய் நின்றார்.

"உங்ககூடப் போறா. சோறு போடுற என்கூட ஏன் மாஸ்டர் வர மாட்டேங்கிறா?"

மாஸ்டர் பலகையைக் காட்டினார். "நீங்க ஏறுங்க."

"நானா? இது தாங்குமா?"

"ரெண்டு ஆள் தாங்கும்."

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். கைகளை விரித்து, பல்லைக் கடித்து நடந்தார். நடுவைத் தாண்டியதும் பலகை டமால் என்று இறங்கியது. ஒரு தள்ளாட்டம். சமாளித்து இறங்கிவிட்டார்.

"இவ்வளவுதானா!" என்றார். குரலில் கொஞ்சம் மிதப்பு இருந்தது.

"இன்னொரு தடவை."

இந்தத் தடவை மாஸ்டரும் பக்கத்திலேயே குனிந்து நடந்தார். அமலோற்பவம் நடுவை நெருங்கும்போது, மாஸ்டர் குரலைத் தணித்துக் குழைந்தார்.

"ஒண்ணுமில்ல சிஸ்டர்... ஒண்ணுமில்ல..."

அமலோற்பவத்தின் கால் அப்படியே நின்றது. பலகைக்குக் கீழே எட்டிப் பார்த்தார்.

"என்ன மாஸ்டர், போல்ட் எதாவது கழண்டிருக்கா?"

"ஒண்ணுமில்லன்னுதானே சொன்னேன்."

"ஒண்ணுமில்லன்னா எதுக்கு அப்படிச் சொல்றீங்க? இப்பத்தான் எனக்கு உதறுது!"

மாஸ்டர் சேமியாவைத் திரும்பிப் பார்த்தார்.

அமலோற்பவமும் பார்த்தார். ஊசியோடு கிட்டே போய் "ஒண்ணுமில்லடா கண்ணு" என்றதுமே, ஊசி படுவதற்கு முன்னாலேயே வீறிட்ட பிள்ளைகள் ஞாபகத்துக்கு வந்தார்கள். அத்தனை வருஷமும் அந்தப் பிள்ளைகளைத்தான் அவர் பயந்தாங்கொள்ளிகள் என்று நினைத்திருந்தார். வெட்கமாக இருந்தது. மெல்ல இறங்கி வந்தார்.

"அப்ப நான் வாயை மூடிட்டு நடக்கணுமா?"

"அது உங்களால ஆகாது சிஸ்டர். நடக்கப்போறதைச் சொல்லுங்க."

அமலோற்பவம் கயிற்றைப் பிடித்தார். இந்த முறை குனியவில்லை, நிமிர்ந்து நின்றார்.

"இங்க பாரு சேமியா. பலகை ஆடும். டமால்னு சத்தம் வரும். நீ நில்லு, நானும் பக்கத்துலயே நிக்கிறேன். வா."

சேமியா ஏறியது. நடுவில் நின்றது. நான்கு கால்களும் வெடவெடத்தன. பழைய வார்த்தை அமலோற்பவத்தின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கினார்.

"ஆடுதுல்ல? ஆடும்னு சொன்னேன்ல? வா."

சேமியா ஓர் அடி எடுத்து வைத்தது. டமால். வயிற்றைப் பலகையோடு அழுத்திப் பதுங்கியது, ஆனால் குதிக்கவில்லை. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தது. பிறகு நடந்து இறங்கி, வாலை ஆட்டிக்கொண்டு மறுபடி ஏறுகிற முனைக்கே ஓடியது.

அமலோற்பவம் யாரைப் பற்றியும் கவலைப்படாமல் அழுதார்.

"உங்க பேரையே கொடுத்துடறேன்," என்றார் மாஸ்டர்.

முந்தானையால் முகத்தைத் துடைத்த பிறகுதான் அவருக்குச் சந்தேகம் வந்தது.

"ஏன் மாஸ்டர், நான் சொன்னதெல்லாம் இவளுக்கு நெஜமாவே புரிஞ்சுதா?"

"நாய்க்குத் தமிழ் தெரியாது சிஸ்டர். உங்க குரல் பயந்தா மட்டும் தெரியும்."