ஜெயசீலியின் முகம் பார்க்கும் கண்ணாடி

குருவுக்கு வயது முப்பத்தொன்று. சிஷ்யைக்கு நாற்பத்தாறு. இந்த மாதிரிக் கதைகளில் வழக்கமாக இது தலைகீழாக இருக்கும். திருச்சியில் நடந்தது இப்படித்தான், நான் என்ன செய்ய?

குருவின் பெயர் ஷமீமா. ஒரு டயர் கடைக்கு மேலே மாடியறையில் ஆங்கில உச்சரிப்பு சொல்லிக்கொடுப்பவள். சிஷ்யை ஜெயசீலி ஒரு பெரிய மருத்துவமனையில் ஆண்கள் வார்டின் தலைமை நர்ஸ்.

நர்சிங் பள்ளியில் ஜெயசீலியோடு படித்தவர்கள் எல்லாம் எப்போதோ கடல் கடந்து போய்விட்டார்கள். அவருக்கும் அந்த ஆசை இருந்தது. மாமியார் படுக்கையில் விழுந்தார், ஒன்பது வருஷம் எழுந்திருக்கவில்லை. ஜெயசீலி முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்டார். போன வருஷம் மாமியார் கண்ணை மூடியதும் பழைய ஆசை மறுபடியும் தலைதூக்கியது.

அயர்லாந்தில் ஒரு மருத்துவமனை இரண்டு முறை நேர்காணல் வைத்து, இரண்டு முறையும் வேண்டாம் என்றது. வேலை நன்றாகத் தெரிகிறது, பேச்சுதான் புரியவில்லை என்று எழுதியிருந்தார்கள். மூன்றாவது முறைதான் கடைசி. நாற்பத்தேழு ஆகிவிட்டால் அவர்கள் எடுப்பதில்லை. அதற்கு ஜெயசீலிக்கு ஒரு மாதம்தான் பாக்கி இருந்தது.

ஷமீமா முதல் நாளே அவரைக் கண்ணாடி முன்னால் உட்காரவைத்தாள். உதட்டுக்கு எதிரே ஒரு காகிதத் துண்டைப் பிடித்து, சில ஒலிகளைச் சொல்லும்போது காற்றில் அது ஆட வேண்டும் என்றாள். ஜெயசீலியின் காகிதம் அசையவே இல்லை. மூன்றாம் நாள் லேசாக ஆடியது. அந்தச் சந்தோஷத்தில் அடுத்த நாள் டீச்சருக்கு மீன் குழம்பு வைத்துத் தூக்குவாளியில் கொண்டுவந்தார்.

வைராக்கியம் என்றால் அப்படி ஒரு வைராக்கியம். உள்ளங்கை அகலத்தில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று வாங்கி, வெள்ளைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். வார்டில் ஐந்து நிமிஷம் கிடைத்தால் போதும், அதை எடுத்து உதட்டைக் குவிப்பார், விரிப்பார், நாக்கைப் பல்லிடுக்கில் வைப்பார். சிஸ்டருக்குப் பல்வலி போலிருக்கிறது என்று இரக்கப்பட்டு ஒரு நோயாளி கிராம்பு கொடுத்தார்.

ஒலிகள் சுத்தமாக வர ஆரம்பித்தன. ஆனால் ஷமீமா நேர்காணல் மாதிரிக் கேள்வி கேட்டால், பாதி வாக்கியத்தில் ஜெயசீலியின் கண் கண்ணாடிப் பக்கம் ஓடிவிடும். சொல்லவந்த விஷயமும் அதோடு ஓடிவிடும்.

நேர்காணலுக்கு ஆறு நாள் இருக்கும்போது அவர் கேட்டார்.

“டீச்சர், என் பேச்சுலேர்ந்து இந்தத் திருச்சி வாடை எப்பதான் போகும்?”

ஷமீமா யோசித்தாள்.

“நாளைக்கு உங்க வார்டுக்கு வரலாமாக்கா?”

மறுநாள் பார்வையாளர் நேரத்தில் போனாள். பதினான்காம் கட்டிலில் லாலன் என்ற பீகார்க்காரர் படுத்திருந்தார். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்தவர். அடுத்த நாள் காலையில் ஆபரேஷன். அப்போது வயிறு காலியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மயக்க மருந்து கொடுக்கும்போது உயிருக்கே ஆபத்து. இதை அவருக்குப் புரியவைக்க வேண்டும். அவருக்குத் தமிழ் தெரியாது. ஜெயசீலிக்கு மொத்தம் முப்பது ஹிந்திச் சொற்கள் தெரியும். அதிலும் பத்து தப்பு.

ஜெயசீலி கட்டில் ஓரத்தில் குனிந்து, அவர் முகத்தைப் பார்த்து, காந்தி மார்க்கெட்டில் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசுகிற அதே குரலில் ஹிந்தி பேசினார். லாலன் வேகமாகத் தலையாட்டினார். ஜெயசீலி அதை நம்பவில்லை. லாலனின் புருவம் சுருங்கிய இடத்தைக் கண்டுபிடித்து, அந்தச் சொல்லை மட்டும் மெதுவாகத் திருப்பிச் சொன்னார். அதுவும் ஏறவில்லை என்றதும் வேறொரு சொல்லைப் போட்டார். சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். பிறகு, எங்கே நீ சொல் பார்க்கலாம் என்று கையை நீட்டினார்.

லாலன் சொன்னார். ராத்திரி பத்து மணிக்கு மேல் சாப்பாடு கிடையாது, தண்ணீர் கிடையாது. சொல்லிவிட்டுச் சற்று யோசித்தார். காலையில் தின்பதற்காகத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த பன்னை எடுத்து ஜெயசீலியின் கையில் கொடுத்தார். இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள்.

வாசல்வரை வழியனுப்ப வந்தபோது ஷமீமா கேட்டாள்.

“உங்க ஹிந்தி உச்சரிப்பு எப்படிக்கா?”

“கண்றாவி டீச்சர். அதையெல்லாம் அங்க யாரு பாத்தா? அந்த மனுஷனுக்கு வெளங்கணுமே, அதுதான் எனக்குக் கவலை.”

ஷமீமா அவருடைய கோட்டுப் பையில் கைவிட்டு, கண்ணாடியை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். ஜெயசீலியின் முகம் வாடிப்போயிற்று.

“அப்ப இத்தனை நாள் பழகுனதெல்லாம் வீணா டீச்சர்?”

“அதை விட்றாதீங்க. காகிதம் தெனமும் ஆடணும்.”

மீதி நாட்களில் மாடியறையின் பெரிய கண்ணாடி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது. அதற்கு முன்னால் ஷமீமா உட்கார்ந்துகொண்டாள். புரியாத இடத்தில் புருவத்தைச் சுருக்குவாள். வாயைத் திறந்து திருத்த மாட்டாள்.

நேர்காணல் ஷமீமாவின் கம்ப்யூட்டரில்தான் நடந்தது. சத்தம் வராமலிருக்க, டயர் கடைக்காரர் தானாகவே சுத்தியலை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். திரை விழித்ததும் மூலையில் ஒரு சின்னக் கட்டத்தில் ஜெயசீலியின் முகமே தெரிந்தது. உடனே உதடு குவிய ஆரம்பித்தது.

ஷமீமா அதைப் பார்த்தாள். ஜெயசீலியின் கோட்டுப் பையில் எப்போதும் இருக்கும் பிளாஸ்டரில் ஒரு துண்டு கிழித்து அந்தக் கட்டத்தின் மேல் ஒட்டினாள். பிறகு கேமராவில் விழாதபடி முக்காலியைத் தள்ளிப் போட்டு உட்கார்ந்தாள்.

நரைத்த தலையோடு ஓர் அம்மா திரையில் வந்தார். மருந்தே வேண்டாம் என்று ஒரு நோயாளி அடம்பிடித்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். ஜெயசீலிக்கு இதில் இருபது வருஷ அனுபவம். சொல்லிக்கொண்டே போனார். நடுவில் அந்த அம்மாவின் புருவம் சுருங்கியது. ஜெயசீலி நிறுத்தினார். அந்தச் சொல்லை மெதுவாகத் திருப்பிச் சொன்னார். புருவம் அப்படியே இருந்தது. வேறொரு சொல்லைப் போட்டார். புருவம் விரிந்தது.

ஓரிடத்தில் அந்த அம்மா பேசியது ஜெயசீலிக்குப் புரியவில்லை. இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கூச்சப்படாமல் கேட்டார். அந்த அம்மாவும் சிரித்துக்கொண்டே தன் ஊர்ப் பேச்சின் வேகத்தைக் குறைத்துக்கொண்டார். அப்புறம் இருவரும் நோயாளிகளைப் பற்றி வெகுநேரம் பேசினார்கள்.

முடிவில் அந்த அம்மா கேட்டது ஒன்றுதான். எப்போது வந்து சேர முடியும்?

திரை அணைந்தது. ஜெயசீலி அழுதார். அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, பழைய கேள்வியையே மறுபடியும் கேட்டார்.

“டீச்சர், நெசமாச் சொல்லுங்க. திருச்சி வாடை போயிடுச்சா?”

“தெரியலைக்கா,” என்றாள் ஷமீமா. “நானும் அந்தம்மா முகத்தைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்.”