கிட்டே எதுவும் வராத இரண்டு கோடுகள்

அநியாயம் நடந்தது மேகலாவுக்கு. எலக்ட்ரானிக்ஸ் கடைசி வருஷம் படிக்கிறாள். திங்கட்கிழமை அவளுடைய கேமரா போர்டு துறைத்தலைவர் முன்னால் படம் காட்டியாக வேண்டும். காட்டாவிட்டால் இன்னொரு வருஷம் அதே பெஞ்சு. அந்தப் போர்டைத்தான் பீளமேட்டில் சர்க்யூட் போர்டு செய்து தரும் மூன்று பேர் பாழாக்கினார்கள்: குப்பண்ணன், மாரப்பன், நாச்சிமுத்து. கெட்டவர்களாக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். மூவருமே தங்கமானவர்கள். சொன்ன சொல்லை மீறவே மாட்டார்கள்.

மேகலா சொன்னது இவ்வளவுதான்: "அண்ணா, கேமராவிலிருந்து சிப்புக்கு சிக்னல் கொண்டுபோற இந்த ரெண்டு செம்புக் கோடும் ஜோடியா ஓடும். பக்கத்துல பக்கத்துல ஓடறதால ஒண்ணு இன்னொண்ணைப் பாதிக்கும். அதையும் சேர்த்துத்தான் நூறு ஓம் இம்பிடன்ஸ், அதாவது சிக்னலுக்கு இருக்கற தடைன்னு கணக்குப் போட்டிருக்கேன். இடைவெளி மாறுனா கணக்கே போச்சு. நீளமும் சமமா இருக்கணும். இந்த ஜோடிகிட்ட வேற எதுவும் வரக்கூடாது."

"சரிங்க அம்மிணி" என்று மூவரும் தலையாட்டினார்கள்.

குப்பண்ணன் கம்ப்யூட்டர் திரையில் இருந்த போர்டு வரைபடத்தின்மேல் ஸ்கேலை வைத்து இடைவெளியை அளந்தார். அந்த நேரம் பார்த்து நாச்சிமுத்துவின் விரல் மவுஸ் சக்கரத்தில் பட்டது. படம் பெரிதாகி, இடைவெளி கட்டைவிரல் அகலத்துக்கு விரிந்தது.

"அடப்பாவி! மாறவே கூடாதுன்னு அம்மிணி சொல்லிச்சே!"

"நான் வேணும்னா செஞ்சேன்? லேசாத்தானுங்க தொட்டேன்."

பதறிப்போய்ப் பழைய அளவுக்குத் திருப்பி, சக்கரத்தின்மேல் டேப் ஒட்டினார்கள். அதன்பிறகு கிட்டத்தில் பார்க்க வேண்டுமென்றால் முகத்தைத்தான் திரைக்குக் கொண்டுபோக வேண்டும். திரையில் முட்டி முட்டி மாரப்பனின் நெற்றி வீங்கியது.

அடுத்தது நீளம். கோடுகள் திரும்புகிற இடத்தில் வெளிப்பக்கக் கோடு நீண்டுவிடுகிறது.

"ஏனுங்க நீளுது?" என்று கேட்டான் நாச்சிமுத்து.

"நடந்து பார்த்தாத்தான் தெரியும்" என்றார் குப்பண்ணன்.

மாரப்பனும் நாச்சிமுத்துவும் ஜோடியாக மேசையைச் சுற்றினார்கள். வெளிப்பக்கம் போன மாரப்பனுக்கு மூச்சு வாங்கியது. உள்பக்கம் போன நாச்சிமுத்து, தன் மாமன் மாரப்பனும் வந்து சேரட்டுமென்று கொஞ்சம் நெளிந்து நெளிந்து நடந்தான். இருவரும் ஒன்றாக வந்து சேர்ந்தார்கள். உடனே உள்கோட்டையும் நெளித்து வரைந்துவிட்டார்கள். பெரிய கம்பெனிகளிலும் அப்படித்தான் செய்கிறார்கள். இவர்கள் கைதவறிச் சரியாகச் செய்த வேலை அது ஒன்றுதான்.

சனிக்கிழமை மேகலா வந்தாள். பச்சைப் பலகை பளபளத்தது. நடுவில் இரண்டு கோடுகள், கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல. பலகையில் வேறு ஒன்றுமே இல்லை.

"கேமரா மாட்டுற இடம் எங்கண்ணா? சிப்பு எங்க?"

"ரொம்பக் கிட்டக்க இருந்துச்சுங்க. எடுத்துட்டோம்."

"பவர் கோடு?"

"அதுவும் கிட்டக்கதானுங்க வந்துச்சு."

மேகலா விடவில்லை. "சரி, நியாயத்தைப் பேசுவோம். கோடுன்னா ரெண்டு முனை இருக்குமா இருக்காதா? முனையில எதையாவது சேர்த்தாத்தானே அது கோடு?"

"முனைதானுங்க அம்மிணி இருக்கறதுலயே ரொம்பக் கிட்டக்க."

அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "திங்கட்கிழமை நான் எதைக் காட்டறது? இதுக்குள்ள சிக்னல் எப்படிண்ணா வரும்?"

மூவர் முகமும் வெளிறியது. உள்ளே போய்க் குசுகுசுவென்று வெகுநேரம் பேசினார்கள். கடைசியில் குப்பண்ணன் மட்டும் வெளியே வந்து, நெஞ்சில் கைவைத்துச் சொன்னார்:

"நீங்க தைரியமாப் போங்க அம்மிணி. நாச்சிமுத்துவ வாசல்லயே நிறுத்திட்டேன். எந்தச் சிக்னல் வந்தாலும் உள்ள விடமாட்டோம்!"