வாசலில் தலைகீழாகத் தொங்கும் கற்றாழை

அந்தக் காலத்தில், செடிகொடிக்கெல்லாம் வாய் இருந்த நாளில், கற்றாழையைப் போல வாயாடி ஒன்றும் கிடையாது. வாயாடி மட்டுமா, மகா கோபக்காரி. தேரி என்கிற செம்மணல் மேட்டில் மற்றதெல்லாம் காய்ந்து கிடக்க, அது மட்டும் மடல் மடலாகத் தண்ணீரைத் தேக்கிக்கொண்டு நிற்கும். வருகிற போகிற ஆடுமாடு சும்மா விடுமா? கடிபட்டுக் கடிபட்டுக் கோபம் ஏறி, அந்தக் கோபமெல்லாம் மஞ்சள் நீராக மடலுக்குள் ஊறிவிட்டது. நாக்கில் வைத்தால் எட்டூருக்குக் கசக்கும். அப்புறம் ஒருவரும் அதன் பக்கம் போவதில்லை.

அந்தத் தேரியில் ஆவுடைத்தாய் என்று ஒருத்தி இருந்தாள். புருஷன் குருசாமி பனையேறி. அவன் இறக்கிவரும் பதநீரை அன்றைக்கே காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குவது அவள் வேலை. பனை சுரக்கிற சில மாதங்களில் காய்ச்சுவதுதான் வருஷம் முழுக்க அவர்களுக்குக் கஞ்சி. துடுப்புப் போட்டுக் கிண்டுகிற அந்த வலது கை நின்றால், வீட்டில் உலை வைக்க வழியில்லை.

பதநீர் கொதித்துப் பொங்கும்போது ஆமணக்கு முத்து நாலை நசுக்கிப் போட்டால் நுரை அடங்கிவிடும். ஒருநாள் காய்ச்சுகிற ஓலைக்குடிசைக்குள் நுழைந்த பிறகுதான், மடியில் முத்து இல்லை என்று ஆவுடைத்தாய்க்குத் தெரிந்தது.

"ஒரு நாளைக்கு இல்லாட்டா குடியா முழுகிப் போவும்?" என்று அடுப்பை மூட்டிவிட்டாள்.

முழுகத்தான் பார்த்தது. கொப்பரை குபுகுபுவென்று பொங்கிற்று. அன்றைய பாடெல்லாம் மண்ணில் போகிறதே என்ற பதற்றத்தில் கொப்பரையை இழுக்க வலது கையை நீட்டினாள். கொதிக்கிற பாகு முழங்கைவரை வழிந்து ஒட்டிக்கொண்டது.

அலறிக்கொண்டு ஊற்றுக்கு ஓடினாள். கோடைக்கு ஊற்றும் வறண்டு கிடந்தது. அதற்குள் ஆளாளுக்கு வைத்தியம் சொல்ல வந்துவிட்டார்கள். "சாம்பலை அள்ளிப் போடு" என்றது காகம். "மாவைத் தூவு" என்றது அணில். "வெட்டிப் போட்டுரு, புதுசா முளைக்கும்" என்றது பல்லி.

"போங்க, போக்கத்ததுகளா!" என்று கத்தினாள் ஆவுடைத்தாய். கை போனால் பிழைப்பு போச்சே என்று அழுது புலம்பினாள்.

"ஏட்டி, அங்க என்ன ஒப்பாரி?" என்றது பக்கத்தில் நின்ற கற்றாழை.

"கை வெந்துபோச்சு. உங்கிட்ட தண்ணி இருக்குல்லா, கொஞ்சம் குடு."

"என் தண்ணி கசக்கும்."

"குடிக்கவா கேட்டேன்? கை பொசுக்குது, மேல தடவத்தான் கேக்கேன்."

கற்றாழைக்கு இது புதுசு. தின்ன வந்தவர்களைத்தான் அது இதுவரை பார்த்திருக்கிறது. "சரி, ஒரு மடலை ஒடிச்சுக்கோ" என்றது.

இடது கையால் ஒடித்துத் தடவினாள். மஞ்சள் நீர் பட்டதும் துள்ளிக் குதித்தாள். "அடிப்பாவி! இன்னும்லா எரியுது!"

கற்றாழைக்கு வெட்கமாகப் போய்விட்டது. "அது என் கோவம்ட்டி. தலைகீழாப் பிடிச்சா வடிஞ்சிரும். ஆனா மண்ணுல நிக்கிறவளை எப்படித் தலைகீழாப் பிடிப்பே?"

ஆவுடைத்தாய் யோசிக்கவே இல்லை. இடது கையால் தூரைப் பிடித்து, ஒரே இழுப்பில் வேரோடு பிடுங்கிவிட்டாள்! கற்றாழை கத்தின கத்தலில் காகம் பறந்தே போயிற்று. குடிசை வாசலில் கயிற்றைப் பல்லால் இழுத்து முடிந்து, வேர் மேலே மடல் கீழே என்று அதைக் கட்டித் தொங்கவிட்டாள். அரிவாளால் மடல் நுனிகளைச் சீவினாள். மஞ்சள் நீர் சொட்டுச் சொட்டாக வடிந்து தீர்ந்தது. பிறகு ஒரு மடலைப் பிளந்தால், உள்ளே கண்ணாடி மாதிரி சோறு! அதை எடுத்துக் கையில் அப்பினாள்.

"அப்பாடா!" என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அடுப்புப் போல எரிந்த கை அடங்கிக் குளிர்ந்தது.

பனையிலிருந்து இறங்கி வந்த குருசாமி பதறிப்போனான். அதற்கப்புறம் தினமும் அவனே அதில் ஒரு மடலை ஒடித்துப் பிளந்து, சோற்றை எடுத்துத் தடவினான். கருப்பட்டியும் அவனே காய்ச்சினான். பாதியைக் கரியாக்கினான், அது வேறு கதை. ஆவுடைத்தாய் மட்டும் விரலை அசைத்துப் பார்க்கவே பயந்து கிடந்தாள். இருபதாம் நாள் துணிந்து மடக்கினாள். மடங்கிற்று. நீட்டினாள். நீண்டது.

"இங்கேரும், மடங்குது! என் கை மடங்குது!" சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது அவளுக்கு.

அப்போதுதான் கற்றாழையின் பாட்டை நினைத்து வாசலை நிமிர்ந்து பார்த்தாள். "உன்னை வேரோட பிடுங்கிட்டேனே. செத்துட்டியா தாயி?"

"யாரு செத்தா? கோவம் வடிஞ்ச உடம்பு, காத்தைக் குடிச்சே கிடக்கும்" என்றது கற்றாழை. நடுவில் பச்சைக் குருத்து ஒன்று எட்டிப் பார்த்தது.

"இறக்கி நட்டு வைக்கட்டுமா?"

"வேண்டாம்ட்டி. தீ சொல்லிக்கிட்டா வருது? ஒத்தக் கையோட ஓடிவர்றவளுக்கு வாசல்தான் பக்கம்."

கண்ணேறு படாமலிருக்க என்று இப்போது சொல்கிறார்கள், சொல்லிக்கொள்ளட்டும். அன்று முதல்தான் கற்றாழை நம் வாசல்களில் மண்ணில்லாமல், தண்ணீரில்லாமல், தலைகீழாகத் தொங்கிக்கொண்டு உயிரோடிருக்கிறது, அடுப்படியில் யார் கை சுட்டுக்கொண்டாலும் எட்டிப் பறிக்கட்டும் என்று.