முகராத மாலை

பெருமாள் கோயில் வாசலில் இருந்த செங்கமலத்தின் பூக்கடையைத் தம் மைத்துனருக்குக் கொடுக்கத் தர்மகர்த்தா சபாபதி துடித்தார்.

"இருவரும் மாலை கொண்டுவாருங்கள். மணம் மிகுந்ததை நானே தேர்வேன். இன்று பெருமாளுக்கு யார் மாலை சாற்றப்படுகிறதோ, அவருக்கே கடை" என்று ஊரறியச் சொன்னார்.

"முதலில் அவருடையதைப் பாருங்கள் ஐயா" என்று செங்கமலம் பணிவாக ஒதுங்கினாள்.

மைத்துனரின் மாலையை மூக்கில் வைத்து ஆழ முகர்ந்தார் தர்மகர்த்தா. "அடடா! எங்கேயம்மா உன்னுடையது?"

அவள் கூடையைத் திறக்கவில்லை. "என்னிடம் வாங்குகிறவர் பெருமாள், ஐயா. அவருக்கு முன்னே பிறர் முகரத் தருவதில்லை."

"முகர்ந்த பூவைச் சாற்றலாகாது" என்ற கோயில் அர்ச்சகர் பட்டாச்சாரியார், செங்கமலத்தின் கூடையை வாங்கிக்கொண்டு சன்னிதிக்குள் போனார்.

தர்மகர்த்தா செங்கமலத்தைப் பார்த்து விழித்தார். "அப்படியானால் இந்த மாலை?"

"தங்களுக்குத்தான் பிடித்துவிட்டதே ஐயா, தாங்களே சூடிக்கொள்ளுங்கள்!"