கூத்துக் கொட்டகைக்கு ஒரு தூண்

ஒரு காட்டில், ஆற்றுத்துறைக்குப் பக்கத்தில், விலங்குகளின் ஊர் ஒன்று இருந்தது. மேற்கே குளங்கள் வற்றிப்போனதால் மானும் மந்தியும் முயலும் குடும்பம் குடும்பமாக வந்து சேர, ஊர் பெருத்துக்கொண்டே போனது. ஊர் பெருத்தால் ஆட்டம் பாட்டமும் பெருகத்தானே செய்யும்? ஆனால் மயில் தோகை விரிக்கிற நேரம் பார்த்துத்தான் மழையும் கொட்டும். பார்க்க வந்தவர்கள் தும்மிக்கொண்டே வீடு போவார்கள்.

எல்லோரும் உட்கார்ந்து கூத்துப் பார்க்க ஒரு மரக் கொட்டகை கட்டுவதென்று ஊர்த்தலைவரான யானை முடிவு செய்தது. எப்படிக் கட்டுவது என்று சொல்லும் பொறுப்பு மயிலுக்குப் போனது. மயிலுக்கு எதிலும் அழகுதான் முக்கியம். நடுவில் ஒரே ஒரு தூண், சுற்றிலும் குடை போலக் கூரை. அந்த ஒற்றைத் தூணுக்கு ஏற்ற பருமன் காட்டிலேயே ஒரு மரத்துக்குத்தான் இருந்தது. அது கரை மேட்டில் நின்ற கிழட்டு அயினி மரம். அதன் அடியிலேயே மணலில் காலால் கீறிப் படம் போட்டுக் காட்டியது மயில்.

செய்தி காதில் விழுந்தபோது, வளைந்த பெரிய மூக்குள்ள ஆண் இருவாச்சிப் பறவை அத்திப்பழம் பறித்துக்கொண்டிருந்தது. அலகிலிருந்த பழம் நழுவி விழுந்தது.

ஏன் தெரியுமா, பிள்ளைகளே? அந்த அயினி மரத்தின் பொந்துக்குள்தான் அதன் பெடை இருந்தது. முட்டையிடும் காலம் வந்தால் பெண் இருவாச்சி பொந்துக்குள் நுழைந்து, வாசலைச் சேறு பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல்தான் மிச்சம். உள்ளே அதன் இறகெல்லாம் உதிர்ந்துவிடும், பறக்க முடியாது. ஆண் பறவை கொண்டுவந்து ஊட்டும் பழம்தான் சாப்பாடு. மரம் சாய்ந்தால் தாயும் குஞ்சுகளும் அதோடு போக வேண்டியதுதான்.

இருவாச்சி பறந்து வந்து சேர்வதற்குள், யானை மரத்தில் நெற்றியை வைத்து ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டது. மேலே இலைகள் நடுங்கின. ஊரே கூடி நின்றது.

இருவாச்சி யானைக்கு முன்னால் இறங்கிக் கெஞ்சியது. குஞ்சுகள் இன்னும் கண்கூடத் திறக்கவில்லை, கொஞ்ச நாள் பொறுக்கக் கூடாதா என்று அழுதது.

மயில் கழுத்தை நொடித்துக்கொண்டது. "நல்ல காரியம் தொடங்கினால் ஒரு மூக்கு வந்து குறுக்கே நிற்கும். ஊருக்குக் கொட்டகை பெரிசா, உனக்குப் பொந்து பெரிசா, தம்பி?"

கூட்டம் சிரித்தது. யானை சிரிக்கவில்லை, அதற்கும் மனசு சங்கடம்தான். ஆனால் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஊர் நன்மைக்காக ஒரு வீடு போனால் போகட்டும் என்று சொல்லி, மறுபடியும் நெற்றியை மரத்தில் வைத்தது.

இருவாச்சி அழுகையை விழுங்கியது.

"சரி, தள்ளுங்கள் அண்ணே. கொட்டகை முடிந்ததும் தூணுக்கு அடியில் யார் உட்காருவது? அதை மட்டும் சொல்லுங்கள்."

"இதென்ன கேள்வி? தலைவரும், பக்கத்தில் நானும்" என்றது மயில்.

"அப்படியென்றால், பொந்து விழுந்த மரமாயிற்றே, மரங்கொத்தியை விட்டு ஒருமுறை தட்டிப் பார்த்துவிடுங்கள். கூரை விழுந்தால் உங்கள் தலையில்தான் விழும்."

யானையின் நெற்றி சட்டென்று மரத்தை விட்டு விலகியது.

மரங்கொத்தி அடிமரத்தில் தட்டியது. ணங். கெட்டியான கட்டை. மயில் தோகையைச் சிலுப்பியது. இருவாச்சி நிமிர்ந்து பொந்தைப் பார்த்தது. பொந்தின் வாசல் அதற்குத் தெரியும்; உள்ளே அது எதுவரை போகிறது என்று பார்த்ததே இல்லை.

இன்னும் கொஞ்சம் மேலே தட்டியது மரங்கொத்தி. மறுபடியும் ணங்.

"போதும் மாப்பிள்ளை, இறங்கு" என்றது மயில்.

"தலை என்னுடையது. மேலே ஏறு" என்றது யானை.

அடுத்த தட்டுக்கு வெறும் பானையைத் தட்டியது போல 'டொம்' என்றது. அங்கிருந்து மேலே எங்கே தட்டினாலும் டொம், டொம். நடுவெல்லாம் உளுத்து, மரம் வெறுங்கூடாக நின்றிருக்கிறது. சத்தம் அடங்கியதும் உள்ளேயிருந்து பெடை அலகால் திருப்பித் தட்டியது. டொக், டொக்.

யானை இரண்டடி பின்னால் நகர்ந்தது.

"இதற்கு அடியிலா என்னை உட்காரச் சொன்னாய்?" என்று யானை மெதுவாகக் கேட்டது. மயில் மணலில் போட்ட படத்தைக் காலாலேயே அழித்தது.

பிறகு இருவாச்சி சொன்ன யோசனைதான் நடந்தது. போன ஆண்டு சூறைக்காற்றில் சாய்ந்த மரங்கள் பள்ளத்தில் கிடந்து நன்றாகக் காய்ந்திருந்தன. தட்டிப் பார்த்துக் கெட்டியானவற்றை மட்டும் யானை இழுத்து வந்தது. ஒற்றைத் தூணுக்குப் பதில் பல தூண்கள். ஒன்று பழுதானால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். கூரைக்கு மூங்கில், வெட்டினாலும் துளிர்த்துவிடும். நட்ட தூண் ஒவ்வொன்றுக்கும் ஒரு விதை ஊன்ற வேண்டும் என்றும் பேச்சு. விதை இருவாச்சியின் பொறுப்பு. பழம் தின்று கொட்டையைத் துப்புகிற வாய்தானே அது.

அந்த மழைக்கு எல்லோரும் நனைந்தார்கள். அடுத்த மழைக்கு ஊரே கூரைக்கடியில் சொட்டு நீர் படாமல் உட்கார்ந்திருந்தது. மயில் ஆடியது. நடுநடுவே அண்ணாந்து கூரையை ஒரு பார்வை பார்த்துக்கொண்டது. அன்றைக்குத்தான் கரை மேட்டில் பொந்தின் சேற்றுச்சுவர் உடைந்து, இரண்டு சின்ன அலகுகள் வெளியே நீண்டன.

நீதி: கண்ணீருக்கு இளகாதவரிடம் அவருக்கு வரப்போகும் கேட்டை எடுத்துச் சொல், காது தானாகத் திறக்கும்.